வால்பாறைப் பயணத்தில் காட்டுயிரும் காட்டின் சின்ன அழகுகளும்: படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9ஆவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனைப் பக்கம், வரையாடுகள் சில நாள் சாலையோரத் தடுப்புச் சுவர் வரைக்கும் வந்து நிற்கும். விடுமுறை நாளில் அங்கே என்ன நடக்கும் என்பது அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். கார் நிற்கும், நான்கு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும், ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிக்கொண்டு ஆட்டை நோக்கிப் போவார்கள். ஆடு திரும்பிப் பாறையில் இறங்கிவிடும். கையில் மிஞ்சுவது அதன் பின்புறம்.

என் முதல் இரண்டு பயணங்களில் எனக்கும் அதுதான் கிடைத்தது. மூன்றாம் முறை போனபோது அதே வளைவில் மழை பிடித்துக்கொண்டது. இறங்க வழியில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை நாலு விரல் இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் இருக்கும். தாயும் குட்டியுமாக இரண்டு ஆடுகள் மேலேயிருந்து இறங்கி வந்து, கார் அங்கே இருப்பதையே கவனிக்காத மாதிரி சரிவில் மேய ஆரம்பித்தன. மழைத்துளி தொங்கும் முகத்தோடு குட்டியை முகர்ந்து பார்க்கும் அந்தத் தாயின் படம் இன்றைக்கும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அன்று நான் புதிதாக எதையும் செய்யவில்லை. அது நம்மை மறக்கும் வரை காத்திருந்தேன், அவ்வளவுதான். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த அரை மணி நேரத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைப் பற்றித்தான்.

வால்பாறையை வைத்தே சொல்கிறேன். எனக்கு நன்றாகப் பழகிய இடம் அது. முதுமலைக்கோ கோடிக்கரைக்கோ போகிறவர்களும் இதில் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்

முதலில் எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. விலங்குகளைத் தேடிப் பார்ப்பது கஷ்டம், அட்டைக்கடி உண்டு, ஆனால் பாசி, காளான், தவளை, பெரணி, மூடுபனி எல்லாம் அப்போதுதான். டிசம்பருக்குப் பிறகு வானம் தெளியும், காலை வெளிச்சம் அருமையாக இருக்கும், பறவைகளையும் குரங்குகளையும் நன்றாகப் பார்க்கலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வேன். சின்ன விஷயங்களில் மனம் போகிறவர்கள் மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாட்களில் போகட்டும்.

அடுத்து, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பது. இந்த மலையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. அக்காமலைப் புல்வெளி மாதிரி இடங்களுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. தேயிலைத் தோட்டங்கள் தனியார் இடம். உள்ளே நடக்க வேண்டுமென்றால் தோட்டத்தில் கேட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சோதனைச் சாவடியின் நேரக் கட்டுப்பாடு, இ-பாஸ் போன்ற விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாட்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். காலையில் ஏறி மாலையில் இறங்குகிற பயணத்தில் நல்ல படம் கிடைப்பது அதிர்ஷ்டம். இரண்டு இரவு தங்கினால் இரண்டு விடியற்காலையாவது நம் கையில் இருக்கும். விலங்குகள் நடமாடுவது பெரும்பாலும் காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து ஆறு. நடுப்பகல் வெயிலில் எடுக்கும் படம் பொதுவாகச் சப்பென்று இருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டுத் தூங்குவதே மேல்.

பையில் என்ன வைப்பது

லென்ஸ் விஷயத்தில் நிறையப் பேர் பயந்துபோய் ஒதுங்கிவிடுகிறார்கள். வரையாட்டுக்கும் சிங்கவால் குரங்குக்கும் 70–300 மி.மீ. ஜூம் போதும். இருவாச்சிப் பறவை மாதிரி உயரத்தில் பறப்பவற்றுக்கு 400 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. இரண்டு நாளுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். செல்போன் மட்டும் இருந்தாலும் குறையில்லை. அதற்கான வேலையைத் தனியாகச் சொல்கிறேன்.

பைனாகுலர் கட்டாயம். கேமராவை விட முதலில் அதை வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன். பார்க்கக் கற்றுக்கொடுப்பது அதுதான்.

ட்ரைபாடை விட எனக்கு உபயோகப்பட்டது ஒரு துணிப்பை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, ஊருக்குப் போனதும் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்புங்கள். கார்க் கண்ணாடியின் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைப் படுக்கவைத்தால் ஆட்டம் இருக்காது. ஊர் திரும்பியதும் அரிசியைச் சமைத்துக்கொள்ளலாம்.

மீதிப் பொருள்கள்: கூடுதல் பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு, கேமராவை மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர், பைக்குள் போட சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மழைக்காலமென்றால் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை. பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு உடைகள் வேண்டாம். வாசனைத் திரவியமும் வேண்டாம்.

ஏறும் முன்பே கேமராவைத் தயார் செய்யுங்கள்

விலங்கு முன்னால் வந்து நின்ற பிறகு மெனுவைத் தேடினால் அது போய்விடும். ஆழியாறு அணைப் பக்கம் டீ குடிக்க நிறுத்தும்போதே இதை முடித்துவிடுங்கள்.

ஷட்டர் வேகத்தை நீங்கள் தீர்மானிக்கும் முறைக்கு வாருங்கள். லென்ஸ் நீளத்துக்குக் குறையாத வேகம் என்பது பழைய கணக்கு, 300 மி.மீ. லென்ஸுக்கு 1/300க்குக் குறையக் கூடாது. ஆனால் அது நம் கை ஆட்டத்துக்கு மட்டும்தான். மேய்கிற ஆடும் தலையை ஆட்டும், காதை அசைக்கும். அதனால் நிற்கிற விலங்குக்கு 1/500, நடப்பதற்கும் தாவுவதற்கும் 1/1000, பறப்பதற்கு 1/1600 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் லென்ஸின் துவாரம்) லென்ஸ் அனுமதிக்கும் அளவு திறந்துவிடுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பை 6400 என்று வையுங்கள். சோலைக்குள் வெளிச்சம் மிகக் குறைவு, ஐஎஸ்ஓ ஏறத்தான் செய்யும். புள்ளி புள்ளியாகத் தெரிகிற படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோகஸை, நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். விலங்கின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி கேமராவில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். கண் தெளிவாக இருந்தால் உடம்பு கொஞ்சம் மங்கினாலும் படம் நிற்கும். படத்தை ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக எடுங்கள். ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள், செல்போனிலும்தான்.

வரையாடு: காரே மறைவிடம்

தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுதான் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது.

வளைவுக்குச் சற்று முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாத அகலமான இடத்தில் நிறுத்துங்கள். வளைவின் நடுவில் நிறுத்தாதீர்கள், மேலிருந்து பஸ் வரும். எஞ்சினை அணையுங்கள், அதன் அதிர்வு லென்ஸ் வரைக்கும் வரும். பாட்டை நிறுத்துங்கள். யாரும் இறங்க வேண்டாம். காருக்குள் இருக்கும் மனிதனை இந்த ஆடுகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நடந்து வரும் மனிதன்தான் அதற்குப் பயம்.

முதல் பத்து நிமிடம் படமே எடுக்காமல் பாருங்கள். எந்தப் பக்கம் மேய்ந்துகொண்டு நகர்கிறது, கூட்டத்தில் குட்டி இருக்கிறதா, பெரிய கிடா எது. வளர்ந்த கிடாவின் உடம்பு கருத்து, முதுகில் சேணம் போட்ட மாதிரி ஒரு வெளுத்த திட்டு இருக்கும். நகரும் திசை தெரிந்துவிட்டால் அது அடுத்து எந்தப் பாறையில் வந்து நிற்கும் என்று ஊகிக்கலாம். அந்தப் பாறைக்குப் பின்னால் வானம் இருக்கிறதா, பள்ளத்தாக்கு இருக்கிறதா, கம்பித் தூண் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவைத்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது.

எல்லாவற்றையும் நெருக்கமாக எடுக்காதீர்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம், நடுவில் பாறை, ஓரத்தில் சின்னதாக ஒரு ஆடு என்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது எங்கே வாழ்கிறது என்பது அந்தப் படத்தில்தான் தெரியும்.

தலையைத் தூக்கி உங்களையே உற்றுப் பார்த்தால், காலைத் தரையில் தட்டினால், சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் எழுப்பினால் அது கலங்கியிருக்கிறது. கேமராவை இறக்குங்கள். பிஸ்கட், கேரட் எதையும் காட்டாதீர்கள். தீனிக்குப் பழகிய ஆடு சாலையை விட்டு நகராது, ஒரு நாள் வண்டியில் அடிபடும்.

சிங்கவால் குரங்கு: கறுப்பைப் படம் எடுக்கும் கணக்கு

வால்பாறை ஊருக்குப் பக்கத்திலேயே புதுத்தோட்டம். தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். மரத்திலேயே வாழ வேண்டிய இந்த உயிர், காடு துண்டு துண்டாகிப் போனதால் சாலையைக் கடக்கிறது. மரத்துக்கு மரம் கட்டிவிட்டிருக்கும் தொங்கு பாலங்களைப் பார்த்தீர்களென்றால் அது இதற்காகத்தான். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். இங்கே தின்பண்டத்தைக் கையில் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

இதைப் படம் எடுப்பதில் எல்லோரும் தடுமாறுவது வெளிச்சத்தில். உடம்பு முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கேமராவின் அளவீடு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் முயலும். கறுப்புக் குரங்கு படத்தை நிறைத்திருந்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகும், பிடரி வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7 அல்லது -1 பக்கம் இறக்குங்கள். அதே குரங்கு மரத்து உச்சியில், மேக வானத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் கதை தலைகீழ். வானத்தைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், குரங்கு வெறும் நிழலாகிவிடும். அங்கே +1.5 வரைக்கும் ஏற்றுங்கள், வானம் வெளுத்தால் போகட்டும். காட்டுமாடு, கருமந்தி, யானை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வெள்ளைக் கொக்குக்கு இதைத் திருப்பிப் போடுங்கள்.

மேகமூட்டமான நாள் இதற்கு நல்லது. வெயிலில் கறுப்பு மயிரின் இழை தெரியாது.

நிமிர்ந்து எடுத்தால் வயிறும் தாடையும்தான் வரும். சரிவான சாலையில் மேல் பக்கமாக நடந்து போனால், கீழே உள்ள மரங்களின் உச்சி உங்கள் கண் மட்டத்துக்கு வரும். மலைச்சாலை நமக்குத் தரும் பெரிய வசதி இது. கண்ணுக்குக் கண் நேராக எடுத்த படத்தில் அதன் முகபாவம் வேறு மாதிரி இருக்கும்.

இருவாச்சி: முதலில் காதைத் தீட்டுங்கள்

பெரிய இருவாச்சி வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். இறகுகளின் இடையே காற்று பாய்வதால், நீராவி விடுகிற மாதிரி ஹுஷ் ஹுஷ் என்று இரைச்சல் கேட்கும். கேட்டதும் சத்தம் வரும் திசையில் மரங்களுக்கு இடையே ஒரு திறந்த வெளியைப் பார்த்து ஃபோகஸ் பிடியுங்கள். பறவை அதற்குள் நுழையும்போது தொடர்ந்து அழுத்துங்கள். துரத்திக்கொண்டே லென்ஸைத் திருப்பினால் இலைகளில் ஃபோகஸ் மாட்டிக்கொள்ளும்.

இதைவிடச் சுலபமான வழி, பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடிப்பது. தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள், எந்த மரம் பழுத்திருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள். தள்ளி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தால் குக்குறுவான், மலை அணில், குரங்கு, இருவாச்சி என்று ஒவ்வொன்றாக வரும்.

கூட்டுக்கு மட்டும் போகாதீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் நுழைந்து வாசலை அடைத்துக்கொண்டு முட்டையோடு இருக்கும். ஒரு சின்ன இடுக்கு வழியாக ஆண் கொண்டுவரும் உணவுதான் அதற்கும் குஞ்சுக்கும். ஆள் நிற்பதைப் பார்த்து ஆண் வராமல் போனால் உள்ளே பட்டினி. கூடு காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டு அழைத்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். பறவையின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலையும்.

யானையும் காட்டுமாடும்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்து போய் எடுக்காதீர்கள். தேயிலைக்கு நடுவே காட்டுமாடு மேய்வதைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் முட்டிவிட்டால் ஆள் பிழைப்பது அரிது. யானை நடமாட்டம் இருக்கும்போது எச்சரிக்க இந்த ஊரில் சில இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அர்த்தம், படம் எடுக்க வாய்ப்பு என்று அல்ல. மேய்வதை நிறுத்திவிட்டு, காதை விரித்து அசையாமல் நின்றால் யானை உங்களைத்தான் கவனிக்கிறது. அந்த நிமிடமே கிளம்புங்கள். எதிர்ச்சரிவில் பச்சைத் தேயிலை வரிகளுக்கு இடையே புள்ளி புள்ளியாகப் போகும் யானைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து எடுங்கள். காடு இருந்த இடத்தில் தோட்டம், அதற்குள் அதன் பழைய வழித்தடம் என்று எல்லாமே அந்த ஒரு படத்தில் வந்துவிடும்.

விலங்கே வராத நாளில்: சின்ன அழகுகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மழை பிடித்துக்கொண்டது, மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை என்றால் பலர் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூடுபனி என்பது வானம் முழுக்க விரித்த ஒரு வெள்ளைத் துணி. நிழலே விழாத அந்த வெளிச்சத்தை ஸ்டூடியோவில் காசு கொடுத்துத்தான் உண்டாக்க வேண்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். பாதை ஓரமாக, நாலுக்கு நாலடி இடத்தைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முதலில் பச்சையாக மட்டும் தெரியும். அப்புறம் பாசிக்குள் குண்டூசித் தலை அளவு காளான், சுருண்டு கிடக்கும் பெரணிக் குருத்து, இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தவளை, செந்நிறத்தில் துளிர்க்கும் சோலை மரத்தின் கொழுந்து என்று ஒவ்வொன்றாக வெளிவரும்.

இதற்குச் செல்போனே நன்றாக வேலை செய்யும். லென்ஸைத் துடையுங்கள், விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ வசதி இருந்தால் போடுங்கள். எடுக்கும் பொருளைத் திரையில் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள், பச்சை ஆழமாகும். விரலால் விரித்துப் பெரிதாக்காமல் நீங்களே குனிந்து நெருங்குங்கள். முழங்கையைத் தரையிலோ முழங்காலிலோ ஊன்றி, மூச்சை விட்டு முடித்த கணத்தில் எடுங்கள்.

கேமராவில் மேக்ரோ எடுக்கும்போது ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 8 அல்லது எஃப் 11 வையுங்கள். கூடவே, கேமராவின் முகத்தை எடுக்கும் பொருளுக்கு இணையாகப் பிடியுங்கள். இலை மேல் உட்கார்ந்த பட்டாம்பூச்சியைச் சாய்வாக எடுத்தால் ஒரு சிறகு மட்டும் தெளியும். பக்கவாட்டில் இணையாகப் பிடித்தால் முழுச் சிறகும் தெளியும்.

ஈர இலையில் வானம் பளபளத்து நிறத்தைத் தின்றுவிடும். பொலரைசர் ஃபில்டரை மாட்டி மெதுவாகத் திருப்பினால் அந்தப் பளபளப்பு மறைந்து பச்சை வெளிவரும். வெளிச்சம் பாதிக்கு மேல் குறையும் என்பதால் கை ஆட்டத்தைக் கவனியுங்கள். சிறு நீரோடையில் 1/4 முதல் 1 நொடி வரை ஷட்டரைத் திறந்துவைத்துத் தண்ணீரைப் பட்டு மாதிரி எடுக்கவும் இதுவே உதவும். அரிசிப் பையை ஒரு கல்லின் மேல் வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

பனித்துளி கோத்த சிலந்தி வலையை, வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வரும்படியும் பின்னணி இருட்டாக இருக்கும்படியும் நின்று எடுக்க வேண்டும். ஆட்டோ ஃபோகஸ் வலையைத் தாண்டிப் போய்விடும். கையால் ஃபோகஸ் செய்யுங்கள். தண்ணீர் தெளித்துத் துளி உண்டாக்க வேண்டாம், விடிகாலையில் எழுந்தால் நிஜத் துளியே இருக்கும்.

தடயங்களை எடுப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். சேற்றில் பதிந்த குளம்படி, மரப்பட்டையில் நகக்கீறல், யானை லத்தியில் முளைத்த காளான், உதிர்ந்த இறகு. காலடித் தடத்தை நேர் வெயிலில் எடுத்தால் பதிவு தெரியாது; சூரியன் சாய்ந்திருக்கும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து ஒரு படம், இல்லாமல் ஒரு படம்.

தவளையைக் கையில் எடுக்காதீர்கள், அதன் தோல் மிக மென்மையானது. இலையை முறித்துப் பின்னணியைச் சுத்தம் செய்யாதீர்கள். மறைக்கும் புல்லை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டு மறுபடி விட்டுவிடலாம். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

இரவு, அறையில்

ஏசி காரிலிருந்து ஈரக்காற்றுக்குள் கேமராவை எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். அறைக்கு வந்ததும் கேமராவைத் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு பையில் மூடி வையுங்கள். நான் ஒரு மழைக்காலத்தில் ஈரமாகவே மூடிவைத்ததில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. சுத்தம் செய்ய ஆன செலவில் இன்னொரு பயணம் போயிருக்கலாம்.

படங்களை அன்றன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு, ஒரே மாதிரி இருக்கும் இருபதில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். கூடவே ஒரு சின்ன நோட்டில் நேரம், இடம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் போகும்போது அந்த நோட்டுதான் வழிகாட்டும்.

பிறகு சரிசெய்யும்போது கறுப்பு விலங்கின் நிழல் பகுதியைக் கொஞ்சமாக மட்டும் ஏற்றுங்கள், கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். கிராப் செய்யலாம், ஆனால் அது பார்க்கிற திசையில் இடம் விட்டு வெட்டுங்கள். நண்பர்களுக்கு அனுப்பும் முன் படத்தில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட், இபேர்ட் போன்ற, பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதியும் தளங்களில் பதிவேற்றினால் அழியும் நிலையில் உள்ள பல இனங்களின் துல்லியமான இடத்தை அவையே மறைத்துக் காட்டும், ஆய்வு செய்பவர்களுக்கும் உங்கள் பதிவு பயன்படும். மற்ற இடங்களில் பகிரும்போது பொந்து இருக்கும் மரத்தையோ தவளை இருந்த ஓடையையோ சொல்ல வேண்டாம். ஆனைமலை, ஜனவரி, காலை ஏழு மணி என்று போட்டால் போதும்.